சென்டாயில் என்னைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

கீழ்வீட்டு ஒபாசானுக்கும் (அத்தை மாதிரி), ஜப்பானிய மொழி சொல்லித்தந்த சென்செய்க்கும் (ஆசிரியர்), எனக்குத் துணையாக இருந்த மாணவ ட்யூட்டருக்கும் வணக்கம்.

ஜப்பானின் சென்டாய் நகரத்தில் ஒரு வருடம் படித்துவிட்டு ஊர் வந்து மூன்று வாரம் ஆகிறது. கிளம்பும்போது ஸ்டேஷனில் 'அரிகாதோ கொசாய்மாஷிதா' (மிக்க நன்றி) என்று நாலைந்து தடவை சொன்னேன். அதற்கு மேல் தொண்டை அடைத்துக்கொண்டது. மீதியைத் தமிழில் எழுதுகிறேன். தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் நம்ம ஊர் அண்ணன் ஒருவர் இதை உங்களுக்கு ஜப்பானிய மொழியில் சொல்கிறேன் என்றிருக்கிறார். அடுத்து அங்கே படிக்கப் போகிற தம்பி தங்கைகளும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

ஒபாசான், முதலில் உங்களுக்கு. வந்த முதல் வாரம் கிழமை தெரியாமல் குப்பைப் பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். மாலையில் பார்த்தால், சீட்டு ஒட்டி அங்கேயே கிடந்தது. கூனிக் குறுகி நின்றேன். நீங்கள் கையுறை மாட்டிக்கொண்டு வந்தீர்கள். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. பையைப் பிரித்து, பாட்டில் மூடியைத் திருகி எடுத்து, மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை உரித்து, மூன்றையும் தனித்தனியாக வைத்துக் காட்டினீர்கள். வீட்டுக் குப்பைக்குப் பச்சைப் பை, பிளாஸ்டிக்குக்குச் சிவப்புப் பை. அப்புறம் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், எழுத்துத் தெரியாத எனக்காக, ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு படம் வரைந்து தந்தீர்கள்: தீ, பாட்டில், கட்டிவைத்த செய்தித்தாள். அந்தத் தாள் ஒரு வருடமும் என் ஃப்ரிட்ஜ் கதவில் இருந்தது.

நான் சைவம். மிசோ என்ற சோயா விழுதில் வைக்கும் சூப்பில் மீன் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதற்கு அடிப்படையான தாஷி என்ற சாற்றைப் பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில்தான் எடுப்பார்கள். அது தெரிந்த நாளிலிருந்து வெளியே எதையும் வாயில் வைக்கப் பயம். தயிர்சாதமும் வாழைப்பழமுமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கதவைத் தட்டினீர்கள். ஒரு கையில் மூடி போட்ட கிண்ணம், இன்னொரு கையில் பிரித்த பொட்டலம். உள்ளே கொம்பு: கரும்பச்சையில், தோல் பட்டை மாதிரி, மேலே வெள்ளையாகப் பூத்த கடல்பாசி. அதையும் காய்ந்த ஷீதாகே காளானையும் முதல் நாள் இரவே ஊறப்போட்டு வைத்த சூப் அது. நான் வாய் திறந்து கேட்கத் தயங்குவேன் என்று தெரிந்துதான் பொட்டலத்தையும் கையோடு கொண்டுவந்தீர்கள். அன்று வயிறார, பயமில்லாமல் சாப்பிட்டேன்.

ஜனவரி 14 இரவு ஓசாகி ஹச்சிமான் கோவிலுக்குக் கூட்டிப்போனீர்களே, அதை எப்படி மறப்பேன்! டொண்டோசாய் என்ற தீத் திருவிழா. புத்தாண்டுக்கு வீட்டில் கட்டியிருந்த வைக்கோல் அலங்காரங்களை எல்லோரும் கொண்டுவந்து நெருப்பில் போடுகிறார்கள். அந்தக் குளிரில் பக்தர்கள் இடுப்பில் வெள்ளைத் துணியோடு, வாயில் காகிதத்தைக் கவ்விக்கொண்டு, மணியும் விளக்கும் ஏந்தி வரிசையாக நடந்து வந்தார்கள். அந்தத் தீயில் குளிர்காய்ந்தால் வருடம் முழுக்க நோய் அண்டாது என்று என் கையைப் பிடித்து நெருப்பின் பக்கம் நீட்டினீர்கள். எங்கள் ஊரில் போகி கொளுத்துவதும் இதே நாட்களில்தான். அங்கே அம்மா வாசலில் பழையதை எரித்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பில் அழுதேன். புகை என்று நினைத்திருப்பீர்கள், இல்லை.

சென்செய், சம்பளம் வாங்காமல் வாரம் இரண்டு மணி நேரம் எனக்காக ஒதுக்கினீர்கள். 1904இல் இதே சென்டாய்க்கு மருத்துவம் படிக்க வந்த சீன மாணவர் லூ சுன்னின் குறிப்பேடுகளை, ஃபுஜினோ என்ற ஆசிரியர் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். என் நோட்டிலும் உங்கள் சிவப்பு மை இருக்கிறது. 'தாபேதே மிரு' என்றால் 'சாப்பிட்டுப் பார்' என்று எங்கள் மொழியிலும் அப்படியே வரும் என்று நான் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றீர்கள்! அன்றிலிருந்து நீங்கள் எனக்குச் சொல்லித் தருவதும் நான் உங்களுக்குத் தமிழ் சொல்லித் தருவதுமாக மாறியது அந்த இரண்டு மணி நேரம்.

ட்யூட்டர், பிப்ரவரியில் 39 டிகிரி காய்ச்சலில் நான் கிடந்தபோது பனியில் நடந்தே வந்தாய். கிளினிக்கில் தலைவலி 'ஸுகிஸுகி'யா என்று டாக்டர் கேட்க, நான் விழிக்க, நீ நெற்றிப்பொட்டில் விரலால் தட்டித் தட்டிக் காட்டினாய். அட, நாங்கள் விண்விண்ணென்று தெறிக்கிறது என்போமே, அதேதான்! மருத்துவ இன்சூரன்ஸ் இருந்ததால் செலவில் 30 சதவீதம்தான் நான் கட்டினேன். அந்த இன்சூரன்ஸும், 14 நாளுக்குள் முடிக்க வேண்டிய முகவரிப் பதிவும் நீ வார்டு அலுவலகத்தில் அரைநாள் என்னோடு உட்கார்ந்ததால் ஆனவை. உன் பரீட்சை மறுநாள் என்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

தொலைந்த என் பர்ஸை கோபானில் (தெருமுனைப் போலீஸ் சாவடி) ஒப்படைத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனவரே, உங்களுக்கும் நன்றி.

ஒபாசான், கிளம்பும்போது பெட்டியில் வைத்துக் கொடுத்த கொம்பு இன்னும் பாதி இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா அதை ஊறவைத்த தண்ணீரில் ரசம் வைத்தாள். புளியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள். அப்பா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.