எங்கள் வண்டியில் போனது குப்பை இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் பழைய பேப்பர், இரும்புக் கடை வண்டி கேரளா-தமிழ்நாடு எல்லையில் ஒரு சோதனைச் சாவடியில் நிற்கிற வீடியோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் இந்நேரம் யாராவது அனுப்பியிருப்பார்கள். கேரளாக் குப்பையைப் பொள்ளாச்சிப் பக்கம் கொட்டப் போன கொழிஞ்சாம்பாறைக் கடைக்காரன் மாட்டிக்கொண்டான் என்று அதற்குக் கீழே எழுதியிருந்தது. வழக்கமாக நம் கடைக்குப் பழைய பேப்பர் போடுகிற ஒரு டீச்சரே, "நான் கொடுத்ததும் அங்கேதான் போச்சா?" என்று கேட்டார். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

வண்டியில் இருந்தது அழுத்திக் கட்டிய பெட் பாட்டில் (தண்ணீர், சோடா வருகிற பிளாஸ்டிக் பாட்டில்) பேல்கள், அதாவது கட்டுகள். பில் இருந்தது, சரக்கு கொண்டுபோவதற்கான இ-வே பில்லும் இருந்தது. அதிகாரிகள் சரிபார்த்து மதியத்துக்குள் விட்டுவிட்டார்கள். விட்டதை மட்டும் யாரும் வீடியோ எடுக்கவில்லை.

நிறுத்தியவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக் கழிவைத் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் யாரோ கொட்டிவிட்டுப் போனார்கள். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு, கேரளாவிலிருந்து லாரி அனுப்பித் திரும்ப அள்ளிக்கொண்டு வந்தார்கள். அதற்கப்புறம் கே.எல். நம்பர் வண்டி தார்ப்பாய் மூடிக்கொண்டு வந்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் ஒன்று கேட்கிறேன். கொட்டுவதற்கென்றால் உங்களுக்குக் காசு கொடுத்து நான் ஏன் வாங்க வேண்டும்? ஆள் வைத்துப் பிரித்து, டீசல் போட்டு, எல்லை தாண்டிப் போய்க் கொட்டுகிற அளவுக்கு இந்தத் தொழிலில் லாபம் இல்லை. நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாக் கள்ளும்தான் தினமும் வண்டி வண்டியாக வெளி மாவட்டங்களுக்குப் போகிறது. அதை யாராவது படம் பிடிக்கிறார்களா?

உங்கள் பாட்டில் எங்கே போகிறது என்று சொல்லிவிடுகிறேன். முதலில் நிறம் பார்த்துப் பிரிக்கிறோம். வெள்ளைக்கு ஒரு விலை, பச்சைக்கு அதைவிடக் குறைவு. குழாய் செய்கிற பி.வி.சி. பிளாஸ்டிக் எதுவும் கலந்துவிடக் கூடாது. பெட் உருகுகிற சூட்டில் பி.வி.சி. கருகிவிடும், கொஞ்சம் கலந்தாலே மொத்தச் சரக்கும் மஞ்சளாகிவிடும். தமிழ்நாட்டு ஆலையில் பாட்டிலை நறுக்கித் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். பெட் துண்டு மூழ்கும், மூடித் துண்டு மிதக்கும். அதனால் மூடியைத் திருகி எடுக்காமல் கொடுத்தாலும் பரவாயில்லை, உள்ளே தண்ணீரும் எண்ணெயும் இல்லாமல் இருந்தால் போதும். கழுவிய துண்டை உருக்கிப் பஞ்சு போன்ற இழையாக்குகிறார்கள். கோவை, திருப்பூர்ப் பக்கத்து ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்களில் கழிவுப் பஞ்சோடு கலந்து அதை நூலாக நூற்கிறார்கள். நீங்கள் குடித்து வைத்த சோடா பாட்டில் பனியனாகிப் பொள்ளாச்சிச் சந்தைக்கே திரும்பி வந்திருக்கலாம்.

போன மாதம் சுழற்சிப் பொருளாதாரம், அதாவது பழையதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது பற்றிய ஒரு கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் பேசியவர்கள் எல்லோரும் எல்லைக்கு இந்தப் பக்கத்தை மட்டுமே பேசினார்கள். கேரளாவில் சேகரிப்பு நன்றாக நடக்கிறது. உள்ளாட்சிக்காக வீட்டுக் கழிவு சேகரிக்கிற ஹரித கர்ம சேனைச் சேச்சிமார் மாதம் 50 ரூபாய்க்கு வீடு வீடாக வந்து கியூ.ஆர். கோடு ஸ்கேன் செய்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் எடுத்ததை நூலாகவும் பிளாஸ்டிக் குருணையாகவும் மாற்றுகிற ஆலைகள் பெரும்பாலும் தமிழ்நாட்டில்தான். அங்கேயோ ஆலை இருக்கிறது, வீட்டில் தரம் பிரிக்கிற பழக்கம் இன்னும் சரியாக வரவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் இது ஓடும். நடுவில் இருக்கிற சாவடியில் பிரித்த சரக்குக்கும் அழுகிய குப்பைக்கும் ஒரே பார்வைதான். இரும்புக்கு இந்தத் தொல்லை இல்லை, பாலக்காட்டுப் பக்கத்துக் கஞ்சிக்கோட்டு இரும்பு உலைகளிலேயே உருகிவிடுகிறது.

வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய பிளாஸ்டிக்குக்கு ஜி.எஸ்.டி. முன்பு 5 சதவீதமாக இருந்தது. 2021 அக்டோபரிலிருந்து 18 ஆகிவிட்டது. புதுக் குருணைக்கும் அதே 18தான். கச்சா எண்ணெய் விலை இறங்கினால் புதுக் குருணை மலிவாகிவிடும், பழையதைக் கேட்க ஆள் இருக்காது. பழைய உலோகத்துக்கு 2024 அக்டோபர் 10 முதல் வேறு கணக்கு: ஜி.எஸ்.டி. பதிவில்லாமல் சைக்கிளில் சரக்கு எடுத்து வருகிற வியாபாரியிடம் வாங்கினால் அவருக்கான வரியை நானே கட்ட வேண்டும். பாட்டில் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறைகளில் 2025-26 முதல் 30 சதவீதம் மறுசுழற்சிச் சரக்கு இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டது. ரொம்ப சந்தோஷம். கம்பெனிகள் மறுசுழற்சிக் கணக்குக் காட்ட வாங்குகிற சான்றிதழின் பணம் பதிவு பெற்ற ஆலைகளுக்குப் போகிறது. தெருவில் தராசு வைத்திருப்பவன் வரை வரவில்லை.

கடையில் பிரித்துக்கொண்டிருந்த இரண்டு சேச்சிமார் இப்போது ஹரித கர்ம சேனையில் சேர்ந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அடையாள அட்டையும் சீருடையும் நான் கொடுக்க முடியாதவை. பதிலுக்கு ஆள் கிடைக்கும் வரை வீட்டுக்கு வந்து எடுப்பது இருக்காது, அப்புறம் பாட்டிலுக்கும் அட்டைக்கும் ஒன்றாம் தேதியிலிருந்து கிலோவுக்கு 3 ரூபாய் குறையும். இரும்பு, பித்தளை, அலுமினியம் விலை அப்படியேதான்.

இவ்வளவு பேச்சுக்குப் பிறகும் சைக்கிளிலும் ஆட்டோவிலும் சரக்கைக் கொண்டுவந்து போடுகிறீர்கள். அப்பா காலத்திலிருந்து வருகிற வீட்டுக்காரர்கள், வேலந்தாவளத்திலிருந்து நோட்டுப் புத்தகத்தைக் கயிறு போட்டுக் கட்டி அனுப்புகிற அக்கா, அந்த வீடியோவுக்குக் கீழே "இவரை எனக்குத் தெரியும்" என்று எழுதிய தம்பிமார், எல்லோருக்கும் நன்றி. அந்த ஒரு வரியைப் படித்த அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.

சந்தேகம் இருப்பவர்கள் லோடு ஏற்றுகிற அன்று கடைக்கு வாருங்கள். போகிற இடத்தின் பில்லைக் காட்டுகிறேன், வேண்டுமென்றால் வண்டியிலேயே ஏறி ஆலை வரைக்கும் வரலாம். டயப்பரும் மருந்து ஊசியும் மட்டும் மூட்டைக்குள் வைக்காதீர்கள். பிஸ்கட், சிப்ஸ் உறைகளைச் சேனைச் சேச்சிமாரிடமே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய பேப்பர், இரும்புக் கடைக்காரன்
கொழிஞ்சாம்பாறை