அதிவேகத்தில் முன்பகுதி நிலைகொள்ளாத கார்: தவறான பழுதறிதல் குறித்த புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஹோண்டா எஸ்2000 காரில் மூன்று முறை செய்யப்பட்ட பணிகளும் கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதலும்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2008-ஆம் ஆண்டுத் தயாரிப்பான எனது ஹோண்டா எஸ்2000 காரை, கடந்த மார்ச் மாதம் சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் உள்ள உங்கள் பணிமனையில் ஒப்படைத்து, பழைய ஷாக் அப்சார்பர்களுக்குப் பதிலாக உயரம் மாற்றக்கூடிய காயில்ஓவர்களை (சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக அமைந்தவை) பொருத்தச் சொன்னேன். காரின் உயரம் தொழிற்சாலை அளவிலேயே இருக்க வேண்டும் என்று பணி ஆணையில் எழுதிக் கையொப்பமும் இட்டிருந்தேன். அந்தப் பணிக்குரிய 2,850 சிங்கப்பூர் வெள்ளியைப் பற்றி எனக்குக் குறை இல்லை. அதன் பிறகு நடந்தவற்றைப் பற்றித்தான் இக்கடிதம்.

காரைப் பெற்றுக்கொண்ட இரண்டு வாரங்களில், துவாஸ் வழியாக மலேசியாவுக்குச் சென்று, சிப்பாங் பந்தயத் தடத்தில் பொதுமக்களுக்கான ஓட்ட நாளில் கலந்துகொண்டேன். போகும் வழியில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு லாரியைக் கடந்தபோதே ஸ்டியரிங் சற்று அலைந்ததை உணர்ந்தேன்; காற்றின் வேலை என்று எண்ணி விட்டுவிட்டேன். தடத்தின் பிரதான நேர்பாதையில் 150-ஐத் தாண்டியதும் காரின் மூக்கு மேலெழும்புவதுபோல் இலேசாகிவிட்டது. ஸ்டியரிங்கில் இருந்த கனம் போய்விட்டது. 170-ஐ நெருங்கியபோது கார் தானாக இடமும் வலமும் நகர, நான் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அந்நேர்பாதையின் முடிவில் முதல் வளைவுக்காகக் கடுமையாக பிரேக் பிடிக்க வேண்டும். முன்சக்கரங்களில் நம்பிக்கை இல்லாமல் அந்த வளைவை நோக்கிச் செல்வது என்னவென்று, பக்கத்து இருக்கையில் என் மகனை வைத்துக்கொண்டு அன்று அறிந்தேன். உடனே வேகத்தைக் குறைத்து வெளியேறினேன்.

இவை அனைத்தையும் உங்கள் மெக்கானிக்கிடம் விளக்கினேன். ஸ்டியரிங் நடுங்கவில்லை, அலைகிறது என்று தனியாக அழுத்திச் சொன்னேன். ஏனெனில் சக்கரத்தின் பேலன்சிங் கோளாறாக இருந்தால் பெரும்பாலும் 90 முதல் 110 வரையிலான வேகத்தில் கைகளில் நடுக்கம் தெரியும், அதற்கு மேல் பெரும்பாலும் தணியும்; என் காரிலோ நடுக்கமே இல்லை, வேகம் கூடக் கூட மிதப்புதான் கூடியது. அப்படியிருந்தும் முதலில் பேலன்சிங் செய்து, முன்பக்கத்துக்கு 215/45 அளவில் இரண்டு புது டயர்களும் மாட்டி 560 வெள்ளி வாங்கினீர்கள். குறை தீரவில்லை என்று மீண்டும் வந்தபோது, முன்சக்கரங்களை ஸ்டியரிங்கோடும் சஸ்பென்ஷனோடும் இணைக்கும் டை ராட் முனைகளையும் பால் ஜாயிண்டுகளையும் மாற்றி 940 வெள்ளி வாங்கினீர்கள். கழற்றிய பாகங்களில் தளர்ச்சி இருந்ததா என்று நான் கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை. அந்தப் பாகங்களும் எனக்குக் காட்டப்படவில்லை.

இரண்டு முறையும் தீவு விரைவுச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்த்து, கார் சரியாக இருக்கிறது என்று எழுதித் தந்தீர்கள். காற்று காரின்மேல் செலுத்தும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து உயர்வது; 80-இல் இருப்பதைப்போல் ஏறத்தாழ நாலரை மடங்கு விசை 170-இல் இருக்கும். ஆகவே 80-இல் ஒன்றும் தெரியாததில் வியப்பில்லை. சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்கு மேல் நீங்கள் ஓட்டியிருக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் கேட்கவில்லை. நின்ற இடத்திலேயே அளந்து பார்த்திருந்தால் போதும்.

அளந்தவர் வேறொருவர். நான் நாடிய மற்றொரு பணிமனையில், டயர் காற்றை 32 பிஎஸ்ஐ-இல் சரிசெய்து, சமதளத்தில் நிறுத்தி, முதல் அரைமணி நேரத்திலேயே மூன்று விஷயங்களைக் கண்டறிந்தார்கள். முன்பக்கம் தொழிற்சாலை அளவைவிட 20 மில்லிமீட்டர் உயரமாகவும், பின்பக்கம் 8 மில்லிமீட்டர் தாழ்வாகவும் இருந்தன. அதாவது கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது, காற்று அடியில் புகுந்து முன்பகுதியைத் தூக்கியிருக்கிறது. பூச்சியமாக இருக்க வேண்டிய முன்சக்கர டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு), மொத்தம் 5 மில்லிமீட்டர் வெளிநோக்கித் திறந்திருந்தது. கார் நேராகச் செல்லாமல் அலைந்ததற்கு இது நேரடிக் காரணம், நீங்கள் விற்ற புது டயர்களின் உள்விளிம்பும் இதனாலேயே தேய்ந்து, விரலால் தடவினால் ரம்பம்போல் உரசுகிறது. மூன்றாவதாக, முன்பம்பருக்குக் கீழே இருக்க வேண்டிய பிளாஸ்டிக் அண்டர்டிரே காணப்படவில்லை. அதைத் தொலைபேசியில் கேட்டபோது, மழைத்தண்ணீர் தெறிக்காமல் இருக்கத்தான் அந்தத் தகடு, இல்லாவிட்டாலும் பாதகமில்லை என்று உங்கள் ஊழியர் கூறினார். காற்று சீராக அடியில் கடந்துசெல்வதற்கும் அது உதவுகிறது. அந்த ஒரு தகடே முழுக் காரணம் என்று நான் வாதிடவில்லை, ஆனால் உங்களிடம் ஒப்படைத்த நாளில் எடுத்த படத்தில் அது காரில் இருக்கிறது.

காரணங்களைப் பிரித்து அறிய விரும்பி, முதலில் டோவை மட்டும் பூச்சியத்துக்குக் கொண்டுவரச் செய்து சிப்பாங் சென்றேன். அலைச்சல் பெருமளவு நின்றது. ஆனால் 150-க்கு மேல் முன்பகுதியின் இலேசு அப்படியே இருந்தது. பிறகு உயரத்தைத் தொழிற்சாலை அளவுக்கு இறக்கி, உயரம் மாறினால் டோவும் மாறும் என்பதால் அதை மீண்டும் அளந்து, புதிய அண்டர்டிரேயும் பொருத்திய பின் அதே நேர்பாதையில் 175 வரை சென்றேன். ஸ்டியரிங்கின் கனம் திரும்பியிருந்தது, கார் கோடு பிடித்ததுபோல் ஓடியது. நீங்கள் மாற்றிய டயர்களோ டை ராடுகளோ பால் ஜாயிண்டுகளோ இதற்கு எவ்வகையிலும் உதவவில்லை.

உங்கள் முதல் ரசீதில் அலைன்மெண்ட் (டோ உள்ளிட்ட சக்கரக் கோணங்களை அளந்து சரிசெய்தல்) செய்ததாகக் கட்டணம் இருக்கிறது, அளவுத்தாள் இல்லை. அந்தத் தாளை அன்றே அச்சிட்டுப் பார்த்திருந்தால் நான் அந்த நேர்பாதையில் அப்படி நடுங்கியிருக்க மாட்டேன். உயிரோடு தொடர்புடைய ஒரு குறையை ஊகத்தால் தேடியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

எனவே, தேவையின்றி மாற்றிய பாகங்களுக்கும் வேலைக்கும் நான் செலுத்திய 1,500 வெள்ளியையும், மற்ற பணிமனையில் அளவீட்டுக்கும் சரிசெய்தலுக்கும் செலவான 380 வெள்ளியையும், ஆக 1,880 வெள்ளியை 14 நாள்களுக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். என் அண்டர்டிரே உங்களிடம் இருந்தால் அதையும், முதல் நாள் எடுத்த அலைன்மெண்ட் அளவுகளையும் ஒப்படைக்கவும். ரசீதுகளின் நகல்கள், இரு அளவுத்தாள்கள், படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். குறித்த காலத்துக்குள் பதில் வராவிட்டால், சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் உதவியை நாடி, தேவைப்பட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் மனுச் செய்வேன்.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்