பெயர் கூப்பிட்டால் காதில் விழ வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் 22 ஆண்டுகள் கல்லுக்குப் பாலிஷ் போட்டவன் நான். அந்த இரைச்சலில் காது பாதி போய்விட்டது. இப்போது காது மிஷின் வைத்திருக்கிறேன்.

போன மாதம் சர்க்கரை மாத்திரைக்காக ஒரு மருத்துவமனைக்குப் போனேன். உயரமான கூடம், தரையும் சுவரும் பளபளக்கும் கல். குழந்தைகள் அழுகிற சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம், மைக்கில் பெயர் கூப்பிடுகிற சத்தம் எல்லாம் கலந்து ஒரே இரைச்சல். காது மிஷின் பேச்சோடு எதிரொலியையும் சேர்த்துத்தான் பெரிதாக்குகிறது. என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்களாம். எனக்குத் தெரியவே இல்லை. டாக்டரைப் பார்க்க மதியம் ஆகிவிட்டது. காதில் ஒரு கோளாறும் இல்லாத பக்கத்து இருக்கை அம்மாவே, வேறு யாரோ பெயரைத் தன் பெயர் என்று நினைத்து எழுந்து போய்த் திரும்பி வந்தார். மைக் சத்தத்தைக் கூட்டினார்கள், குழப்பமும் கூடியது.

கல்லின் குணம் எனக்குத் தெரியும். பாலிஷ் ஏறிய கல் தண்ணீரையும் குடிக்காது, சத்தத்தையும் குடிக்காது. பட்ட ஒலி அநேகமாக அப்படியே திரும்பும். கல்லை உருக்கிப் பஞ்சு போல நார் நாராக இழுத்துச் செய்கிற ராக்வுல் பலகையில் துணி போர்த்திச் சுவரில் பதித்தால், ஒலி அந்த நார்களுக்குள் புகுந்து உராய்ந்து அடங்கிவிடும். 5 செ.மீ. கனம் இருந்தால் பேச்சொலிக்குப் போதும். 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், பேசுவது புரியாத ஒரு வகுப்பறையை ஆராயச் சொன்னபோது, வாலஸ் சபைன் என்பவர் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கித்தான், மெத்தென்ற பொருள் எதிரொலியை எவ்வளவு குறைக்கும் என்று கண்டறிந்தார் என்று இன்ஜினியரான என் மகன் சொன்னான்.

அழகும் கெடாது. போர்த்தும் துணியிலேயே நம் ஊர் நடுகற்களையும் மாந்தோப்பையும் அச்சிடலாம். ஆனால் அதன்மேல் பெயிண்ட் அடித்துவிடக் கூடாது. துளை அடைபட்டால் அதுவும் வெறும் சுவர்தான். தீப்பிடிக்காத ரகமாக, கை எட்டாத உயரத்தில் இருப்பது நல்லது.

மருத்துவமனை, பேருந்து நிலையம், சமுதாயக் கூடம் என்று மாவட்டத்தில் எதைக் கட்டினாலும், கிரானைட்டுக்கு எஸ்டிமேட் போடும்போதே இந்தப் பலகைக்கும் சேர்த்துப் போடுங்கள் என்று அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். கல்லே வேண்டாம் என்று சொல்லமாட்டேன், எனக்குச் சோறு போட்டது அதுதான். தரையில் அது இருக்கட்டும். சுவரின் மேல்பாதியையும் கூரையையும் இந்தப் பலகைகளுக்கு விடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிரானைட் தொழிலாளி,
காவேரிப்பட்டணம்.