பழைய டயல் பழையதாகவே இருக்கட்டும்

வெளிநாட்டு உயர்விலைக் கைக்கடிகாரங்களுக்கு இந்தியாவில் பழுதுநீக்க நிலையம் நடத்தும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவர் எனக்கு அனுப்பிய மதிப்பீட்டுத் தாளைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. விசாரித்த வரையில் இது ஒரு நிறுவனத்தோடு நிற்கும் வழக்கமாகத் தெரியவில்லை.

கடிகாரம் என் தாத்தாவுடையது. கொழும்பில் துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் வாங்கியது. அச்சுகள் தேயாமலிருக்க உள்ளே 17 சிறு கற்கள் வைத்த, சாவி கொடுத்து ஓட்டும் கடிகாரம். அவருக்குப் பின் அப்பா கட்டினார், இப்போது என்னிடம் வந்திருக்கிறது. நேரம் பின்தங்குகிறது, சில நாள் நின்றே போகிறது. உள்ளே இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை ஒழுங்காக ஓட்டும் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 18,000 முறை துடிக்கிறது; ஒரு நாளைக்கு 4,32,000 துடிப்பு. எண்ணெய் காய்ந்த பிறகும் அப்படியே ஓடவிட்டால் அச்சு தேய்ந்துவிடும். ஆகவே நான் கேட்டது ஆயில் சர்வீஸ்: பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றி, எண்ணெய் இட்டு, நேரம் சரிபார்த்துத் தருவது.

உங்கள் தாளில் அது கடைசி வரி. அதற்கு மேலே டயல் மாற்றம், முட்கள் மாற்றம், உறை முழுவதற்கும் பாலிஷ், பின்மூடி மாற்றம். அத்தனைக்கும் சேர்த்துக் கையெழுத்திட்டால்தான் வேலை நடக்கும். இல்லாவிட்டால் கடிகாரம் வந்தபடியே திரும்பும். கழற்றிய பழைய பாகங்கள் உங்களிடமே தங்கிவிடும் என்பது அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது.

டயலில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே தேமல் போல ஒரு மஞ்சள் படர்ந்திருக்கிறது. மதுரை வெயிலும் தாத்தாவின் வியர்வையும் சேர்ந்து செய்த வேலை அது. உங்களுக்கு அது குறையாகப் படலாம். ஆனால் பழைய கடிகாரம் சேகரிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். மும்பையில் புதுச் சாயம் பூசிப் பளபளக்கும் டயல்களைக் கண்டாலே ஒதுங்குகிறார்கள், மங்கிய அசல் டயலுக்குத்தான் விலை கொடுக்கிறார்கள். பாலிஷ் இன்னும் மோசம். ஒவ்வொரு முறையும் உலோகம் சிறிது போகிறது, விளிம்புகள் மழுங்குகின்றன. போன உலோகத்தை நீங்களும் திருப்பித் தர முடியாது.

பின்மூடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் உட்புறத்தில் ஊசியால் கீறிய சிறு எழுத்துகளும் எண்களும் இருக்கின்றன. கடிகாரத்தைத் திறந்து வேலை பார்த்த ஒவ்வொருவரும் விட்டுச்சென்ற குறி அது. எந்தக் கை எப்போது தொட்டது என்பதற்கு வேறு பதிவேடு கிடையாது. அதைக் கழற்றி வைத்துக்கொண்டு வெற்று மூடி ஒன்றை மாட்டித் தருவேன் என்கிறீர்கள். தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் பொருள் என்று விளம்பரம் செய்து விற்பவர்களும் நீங்கள்தாம்!

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. 1960கள் வரை பல டயல்களில் இரவில் ஒளிர ரேடியம் பூசினார்கள். அந்தப் பூச்சு ஒளி இழந்த பிறகும் கதிரியக்கம் போவதில்லை. ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். அப்படிப்பட்ட டயலைத் தொட மாட்டோம் என்றால் ஒப்புக்கொள்வேன். என்னுடையதில் ஒளிரும் பூச்சே இல்லை. பழைய உறையில் தண்ணீர் புகாது என்று உத்தரவாதம் தர முடியாது என்கிறீர்கள். அதை யார் கேட்டார்கள்? இதைக் கட்டிக்கொண்டு நான் வைகையில் இறங்கப்போவதில்லை. இறங்கினாலும் பெரும்பாலான மாதங்களில் அங்கே நனைவதற்கு வழியில்லை.

டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தவர், “பேலன்ஸ் அச்சின் முனை தேய்ந்திருக்கிறது, தம்பி. பாகம் கிடைத்தால் மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். முன்பெல்லாம் அந்த அச்சை அவரே கடைந்து செய்வாராம், இப்போது கை நடுங்குகிறது. பாகத்தை அவருக்கு விற்க முடியாது, எங்கள் நிலையத்தில் மட்டுமே பொருத்துவோம் என்று உங்களிடமிருந்து பதில் வந்தது. இதே குறைக்காக ஐரோப்பாவில் பழுதுநீக்குவோர் சங்கம் வழக்காடி 2017-இல் தோற்றது எனக்குத் தெரியும். ஆனால் இங்கே நிலைமை வேறு. உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்குத் தராத 14 கார் நிறுவனங்களுக்கு 2014-இல், சந்தையில் நியாயமான போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தொகை மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை. 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது விவசாயக் கருவி, கைபேசி, வீட்டுச் சாதனம், வாகனம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டது. கைக்கடிகாரம் அந்தப் பட்டியலில் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி அந்தத் துறைக்கும் எழுதப்போகிறேன்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். மதிப்பீட்டில் இயந்திர வேலையையும் தோற்ற வேலையையும் தனித்தனியாக விலையிட்டு, வேண்டியதைத் தேர்ந்தெடுக்க விடுங்கள். கழற்றிய பாகங்களை ஒரு சிறு பையில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். அவை எங்கள் சொத்து. தொழில் தெரிந்த வெளியாட்களுக்கு உதிரிபாகம் விற்றுவிடுங்கள்.

தாளில் கையெழுத்திடாமல் கடிகாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். பெரியவர் அந்த அச்சின் அளவை எடுத்து எழுதி வைத்திருக்கிறார். அந்த ஒரு பாகத்தை அவருக்கு விற்பீர்களா, மாட்டீர்களா என்பதற்குப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
திருநகரிலிருந்து ஒரு வாடிக்கையாளர்
மதுரை