லேப்டாப் திறக்குமா என்பதையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தை விடாமல் படிக்கிறவள் நான். புது லேப்டாப் வந்தால் எடை எவ்வளவு, எத்தனை மில்லிமீட்டர் தடிமன், திரை எப்படி, சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கும் என்றெல்லாம் நன்றாகவே எழுதுகிறீர்கள். ஆனால் நாலு வருஷம் கழித்து பேட்டரி போய்விட்டால் மாற்ற முடியுமா, ராம் (வேலை ஓடும்போது பயன்படும் மெமரி) கூட்டிக்கொள்ள முடியுமா, நம் படங்களும் கோப்புகளும் இருக்கிற எஸ்எஸ்டி தனியாகக் கழன்று வருமா என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. வாங்குகிறவருக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் நடந்ததைக் கேட்டால் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று புரியும்.

நானும் என் தங்கையும் ஒரே சமயத்தில் ஆளுக்கொரு லேப்டாப் வாங்கினோம். வேறு வேறு கம்பெனி. இரண்டுமே மெலிசு, மூடி வைத்தால் எது யாருடையது என்று தெரியாது. ஐந்தாவது வருஷம் என்னுடையதில் டச்பேட் அழுந்தவில்லை. தூசி அடைத்திருக்கும் என்று கொஞ்ச நாள் விட்டுவிட்டேன். அப்புறம் ஒருநாள் மேஜையில் வைத்தால் சரியாக உட்காராமல் ஆடுகிறது. பக்கவாட்டில் குனிந்து பார்த்தபோதுதான் அடிமூடி நடுவில் வெளியே தள்ளியிருப்பது தெரிந்தது, பேட்டரி உப்பியிருக்கிறது. சர்வீஸ் சென்டரில் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பழைய மாடல், பேட்டரி மாத்தினாலும் பிரயோஜனம் இல்லை, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நல்லவேளையாக, தயாரித்த கம்பெனி அந்த மாடலுக்கான சர்வீஸ் மேனுவலை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டிருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். பேட்டரி ஸ்க்ரூவில்தான் நிற்கிறது, பசை இல்லை என்று அதில் படத்தோடு இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் தைரியமே வந்தது. (ஒட்டிய பேட்டரி உப்பியிருந்தால் தயவுசெய்து யாரும் வீட்டில் நெம்பிப் பார்க்காதீர்கள். லித்தியம் பேட்டரியில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும், அது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.)

சார்ஜரைப் பிடுங்கி, முழுசாக அணைத்து, கவிழ்த்து வைத்தேன். ஒரு வெள்ளைத்தாளில் அடிமூடியை வரைந்துகொண்டு, கழற்றுகிற ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே டேப் போட்டு ஒட்டினேன். இது எதற்கு வீண் வேலை என்று தோன்றும். ஆனால் கீல் பக்கத்து ஸ்க்ரூ நீளம், முன்பக்கத்தில் இருப்பது குட்டை, நீளமானதைக் குட்டை ஓட்டையில் போட்டு முறுக்கினால் அது மதர்போர்டில் போய்க் குத்தும், இல்லாவிட்டால் மேல்பக்கத்தைப் பிதுக்கும். கண்ணுக்குத் தெரிந்த ஸ்க்ரூ எல்லாம் எடுத்த பிறகும் மூடி அசையவில்லை. ரப்பர் காலுக்கு அடியில் இரண்டு ஒளிந்திருந்தன. அதையும் எடுத்துவிட்டு, ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையை ஓரத்து இடுக்கில் நுழைத்து மெதுவாக ஓட்டிக்கொண்டே போனேன், கிளிப்புகள் ஒவ்வொன்றாக டக், டக் என்று விட்டுக்கொடுத்தன. முதல் சத்தத்தில் எதையோ உடைத்துவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. உடையவில்லை, அது அப்படித்தான் திறக்கும்.

உள்ளே முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் போர்டிலிருந்து பிரிப்பது. அதைச் செய்யாமல் வேறு எதையும் தொடக்கூடாது. லேப்டாப் அணைந்திருந்தாலும் போர்டுக்கு பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கும், திருப்புளி நழுவினால் ஷார்ட் ஆகிவிடும். வயரைப் பிடித்து இழுக்காமல், கனெக்டரின் இரண்டு ஓரத்தையும் நகத்தால் மாற்றி மாற்றித் தள்ளினால் வந்துவிடுகிறது. அப்புறம் ஆறு ஸ்க்ரூ, பேட்டரி கையோடு வந்தது. திறந்தது திறந்தோம் என்று ஃபேனையும் பார்த்தேன், காற்று வெளியேறுகிற இடத்தில் தூசி கம்பளித் துண்டு மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது, அதை எடுத்ததில் சூடும் குறைந்துவிட்டது. எஸ்எஸ்டி ஒரே ஒரு ஸ்க்ரூவில் நிற்கிறது, கழற்றியதும் ஒரு முனை தானாகச் சாய்வாக எழும்பிக்கொள்கிறது. 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், அதனால்தான் அந்த அளவுக்கு 2280 என்று பெயர். பின்னொரு நாள் பழையதில் இருந்ததை நகலெடுத்து, விண்டோஸில் தகவல்களைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் கேட்டால் கொடுக்க வேண்டிய 48 இலக்க மீட்பு எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு மடங்கு பெரிய எஸ்எஸ்டியை அதே இடத்தில் மாட்டினேன். இந்தக் கடிதத்தை அடிப்பதும் அந்த லேப்டாப்பில்தான்.

தங்கையின் கதை வேறு. அவளுடைய லேப்டாப்பில் தண்ணீர் கொட்டி போர்டு போய்விட்டது. அதில் ராம், சேமிப்பு இரண்டுமே போர்டோடு சேர்த்து சால்டர் செய்தவை, அதாவது கழற்ற முடியாதபடி பற்றவைத்தவை. கழற்றி வேறொன்றில் மாட்டிப் பார்க்கலாம் என்றால் தனி எஸ்எஸ்டி என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. அவள் குழந்தையின் முதல் மூன்று வருஷப் படங்கள் அதோடு போயின. வேறு இடத்தில் நகல் வைக்காதது எங்கள் தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் இது இப்படிப்பட்ட லேப்டாப் என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் வாங்கிய அன்றைக்கே நகல் வைத்திருப்பாள். விற்றவர் சொல்லவில்லை, பெட்டியில் போட்டிருக்கவில்லை, வாங்குமுன் அவள் தேடிப் படித்த அறிமுகங்களிலும் இல்லை.

மெலிசாக வேண்டுமென்றால் இப்படித்தான் செய்ய முடியும் என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. 2008 ஜனவரியில் ஆப்பிள் தன் முதல் மேக்புக் ஏரைக் காகித உறையிலிருந்து எடுத்துக் காட்டியபோதே அதன் ராம் சால்டர் செய்ததுதான், 2012-ல் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவில் பேட்டரியையும் பசை போட்டு ஒட்டினார்கள். மின்சாரத்தைக் குறைவாகச் செலவழிக்கிற எல்பிடிடிஆர் ராம் ப்ராசஸருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதும் சரிதான். ஆனால் 2021-ல் ஃப்ரேம்ஒர்க் என்ற கம்பெனி கொண்டுவந்த லேப்டாப்பைப் பாருங்கள். 15.85 மி.மீ. தடிமன், 1.3 கிலோ, கூடவே ஒரு திருப்புளியும் தருகிறார்கள். ராம், எஸ்எஸ்டி, பேட்டரி, திரை, கீபோர்டு எல்லாம் வாங்கியவரே மாற்றிக்கொள்ளலாம். சால்டர் செய்தே ஆக வேண்டும் என்றிருந்த எல்பிடிடிஆர் ராமைக்கூட ஸ்க்ரூ போட்டு மாட்டிக் கழற்றுகிற வடிவம் வந்துவிட்டது. எல்பிகேம்2 என்கிறார்கள். மெமரிக்கெல்லாம் தரம் வகுக்கிற ஜெடெக் அமைப்பு 2023 டிசம்பரில் அதற்கான தரத்தை வெளியிட்டது, 2024-ல் லெனோவோ ஒரு திங்க்பேடில் அதைப் போட்டு விற்கவே ஆரம்பித்துவிட்டது.

பிரான்ஸில் 2021 ஜனவரியிலிருந்தே, ஒரு லேப்டாப்பைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று 10-க்கு மதிப்பெண் போட்டு விலைக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த விதிப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் இந்த மாதிரி சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி வடிவமைக்க வேண்டும். எல்லா இடத்திலும் சட்டம் வரட்டும், நல்லதுதான். ஆனால் ஒரு பத்திரிகை எழுதுவதற்கு எந்தச் சட்டமும் வர வேண்டியதில்லை.

நான் கேட்பது அறிமுகத்தின் கடைசியில் நாலு வரி. ராம் ஸ்லாட்டில் இருக்கிறதா, சால்டர் செய்ததா? எஸ்எஸ்டி கழன்று வருமா, எந்த அளவு? பேட்டரி ஸ்க்ரூவில் நிற்கிறதா, பசையிலா? அடிமூடி சாதாரணத் திருப்புளிக்குத் திறக்குமா, இல்லை ஐந்து இதழ் ஸ்க்ரூ மாதிரி ஏதாவது போட்டு அதற்கென்று தனித் திருப்புளி தேட வைத்திருக்கிறார்களா? டெல், எச்பி, லெனோவோ போன்றவர்கள் சர்வீஸ் மேனுவலை வெளியிடுகிறார்கள், உங்கள் செய்தியாளர் அதைத் திறந்தால் பத்து நிமிஷத்தில் பதில் கிடைத்துவிடும். மேனுவல் இல்லாத கம்பெனிக்கு இந்த நாலு கேள்வியையும் எழுதி அனுப்புங்கள். பதில் வராவிட்டால், பதில் வரவில்லை என்று அதே இடத்தில் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகி