கபடிப் போட்டி வீடியோக்கள் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய விழாக் குழுவினருக்கும் கபடிக் குழு நண்பர்களுக்கும் வணக்கம்.

பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு வட்டாரத்தில் பொங்கல் போட்டியானாலும் கோயில் திருவிழாப் போட்டியானாலும் ஆடுகளத்தின் ஓரத்தில் எங்கள் கேமரா நிற்பதை நீங்கள் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறீர்கள். கல்யாண வீடியோவை மட்டும் நம்பியிருந்த எங்களை விளையாட்டுப் பக்கம் அழைத்து வந்தவர்களே நீங்கள்தான். அந்த உரிமையில்தான், சில வாரங்களாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வரும் ஒரு குரல் பதிவுக்கு இங்கே பதில் எழுதுகிறோம்.

ஓர் இறுதிப் போட்டியின் கடைசி ரைடில், ரைடு சென்ற வீரர் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் ஊன்றினாரா, அந்த நொடியில் அவருடைய பின்கால் தரையை விட்டு எழுந்திருந்ததா என்பதில் தகராறு எழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். முன்கால் ஊன்றும்போது பின்கால் எழுந்திருந்தால்தான் போனஸ் புள்ளி. அந்தக் கால் தெரியும் இடத்தை மட்டும் நாங்கள் வேண்டுமென்றே மங்கலாக்கிவிட்டோம் என்கிறது அந்தக் குரல் பதிவு. வேறு எந்தக் குறை சொல்லியிருந்தாலும் தலைகுனிந்து கேட்டிருப்போம். ஒரு தரப்பிடம் காசு வாங்கிக்கொண்டு காலை மறைத்தோம் என்ற பேச்சை மட்டும் எங்களால் விழுங்க முடியவில்லை.

மங்கல் எப்படி வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்ளே விடக் கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் கால் எவ்வளவு தூரம் நகர்கிறதோ அவ்வளவு தூரத்துக்கு அது படத்தில் இழுபட்டுப் பதியும். வீரரின் பாதம் ஒரு நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நகர்வதாக வைத்துக்கொண்டால், ஷட்டர் 1/50 நொடி திறந்திருக்கும்போது அது 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். போனஸ் கோட்டின் அகலமோ 5 சென்டிமீட்டருக்கு மேல் இருப்பதில்லை. கோட்டைவிட இருமடங்கு அகலமாகக் கலங்கிய ஒரு காலைப் பார்த்து, அது ஊன்றியதா இல்லையா என்று யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அன்று மெமரி கார்டில் இடம் போதாது என்று பக்கவாட்டுக் கேமராவை 25 ஃபிரேமில், அதாவது நொடிக்கு 25 படங்களில், வைத்திருந்ததால் வழக்கப்படி ஷட்டரும் ஒரு ஃபிரேமில் பாதி நேரமான 1/50-இல்தான் இருந்தது. மற்றபடி, ஊரெங்கும் பரவியிருப்பது நாங்கள் கொடுத்த வீடியோவே அல்ல. எல்இடி திரையில் ஓடியதை யாரோ கைபேசியில் பிடித்து, அதை வாட்ஸ்அப் மேலும் சுருக்கி அனுப்பிய நகல் அது.

ஷட்டரை 1/500-க்கு ஏற்றியிருக்கலாமே என்று சிலர் கேட்கிறீர்கள். பகல் ஆட்டத்தில் அப்படித்தான் எடுக்கிறோம். இரவில் இரண்டு தடைகள் இருக்கின்றன. முதலாவது, 1/50-இல் கிடைக்கும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குதான் 1/500-இல் கிடைக்கும் என்பதால், ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றி ஈடுகட்டினால் படம் முழுவதும் புள்ளி புள்ளியாகி ஜெர்சி எண்கூடத் தெரியாமல் போகும். இரண்டாவது, நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதால் பழைய ஃபோகஸ் விளக்குகளின் ஒளி நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது, ஆனால் வேகமான ஷட்டரில் குறுக்குவாட்டில் இருட்டுப் பட்டைகளாக விழும், ஜெனரேட்டரில் எரியும் விளக்கென்றால் அந்தப் பட்டைகள் மெல்ல நகரவும் செய்யும்.

மங்கலான காலை மென்பொருள் போட்டுக் கூர்மையாக்கித் தரும்படியும் கேட்டார்கள். அத்தகைய மென்பொருள் பதிவில் இல்லாத விளிம்பைத் தானாகவே ஊகித்து வரைந்து கொடுக்கும். ரீல்ஸுக்கு அது அழகாக இருக்கலாம். தகராறுக்குச் சாட்சியாக அதைக் கொடுத்தால்தான் நாங்கள் உண்மையிலேயே குற்றவாளிகள் ஆவோம்.

நிறம் பற்றிய குறையை ஒப்புக்கொள்கிறோம். மெரூன் ஜெர்சி பழுப்பாகத் தெரிந்ததற்கும், ஆடுகளத்தின் ஒரு பாதியில் முகங்கள் பச்சை பூத்துப் போனதற்கும், ஒரு பக்கம் எல்இடியும் மறுபக்கம் பழைய மெட்டல் ஹாலைடு விளக்கும் எரிந்ததே காரணம். இரண்டுக்கும் பொருந்தும் ஒரே ஒயிட் பேலன்ஸ் (விளக்கின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கேமரா அமைப்பு) கிடையாது. ஒரு பாதியைச் சரிசெய்தால் மறுபாதி கெட்டுவிடும். போதாததற்கு, மின்சாரம் போய் வந்தால் மெட்டல் ஹாலைடு விளக்கு ஆறி, மறுபடி எரிந்து, தன் நிறத்துக்கு வரப் பல நிமிடங்கள் ஆகும். இதையெல்லாம் ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்துத் திருத்தும் கை எங்கள் எடிட்டர் தம்பியுடையது. அவர் நல்ல வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டார்; அவரை நாங்கள் குறை சொல்ல மாட்டோம்.

இனி இரவுப் போட்டிகளில் இரண்டு கேமராக்களும் 50 ஃபிரேமிலேயே ஓடும். ஷட்டர் 1/100-க்குக் கீழே இறங்காது. ஒளி துடிக்காத எல்இடி விளக்குகளை விழாக் குழு போட்டுத் தந்தால் 1/500 வரை போவோம். முதல் ஆட்டத்துக்கு முன்னால் ஆடுகளத்தின் நடுவில் வெள்ளை அட்டையைப் பிடித்து ஒயிட் பேலன்ஸைக் கையால் அமைத்துவிட்டு, பிறகு இரவு முழுவதும் அதை மாற்ற மாட்டோம். தை மாதத்திலிருந்து ஓர் இரவுக் கட்டணம் 2,500 ரூபாய் கூடுகிறது.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் முன்பணத்தைத் திருப்பிக் கேட்காத குழுக்களுக்கும், குரல் பதிவைக் கேட்டவுடன் கடைக்கே வந்து நேரில் விசாரித்த பெரியவர்களுக்கும், தோற்ற பிறகும் எங்கள் பையன்களைக் கூப்பிட்டுச் சாப்பிட வைத்து அனுப்பிய அந்த ஊர்க்காரர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அந்த ரைடின் அசல் பதிவு அப்படியே எங்கள் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. இரு தரப்பினரும் சேர்ந்தே வந்து ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டிப் பார்க்கலாம். முகூர்த்த நாட்களைத் தவிர்த்து மாலை ஐந்து மணிக்கு மேல் வந்தால் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்டுடியோ உரிமையாளர்