குழந்தையின் வீட்டுப் பேச்சு தெரிந்தவர் அங்கன்வாடியில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அங்கன்வாடி நியமனம் என்றாலே நம் பக்கத்தில் காலியிடம் எத்தனை, யார் சிபாரிசு என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அங்கே வந்து உட்காரப்போகும் குழந்தை வீட்டில் என்ன பேசுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

பழைய வட ஆற்காட்டில் எல்லாரும் வீட்டில் ஒரே மாதிரி பேசுகிறவர்களா என்ன? பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடித் தெருக்களில் உருது, காட்பாடி, குடியாத்தம் தாண்டி ஆந்திர எல்லையோரம் தெலுங்கு, அணைக்கட்டு ஊருக்கு மேலே பீஞ்சமந்தை மலையில் தமிழையே வேறு மாதிரி பேசும் ‘மலையாளி’ என்ற பழங்குடிக் குடும்பங்கள் (கேரளக்காரர்கள் அல்ல), செங்கல் சூளைகளில் இருளர்கள். இப்போது வேலை தேடி வந்த வடமாநிலக் குடும்பங்களும் இருக்கின்றன.

எங்கள் தெரு அங்கன்வாடியில் உருது பேசும் வீட்டுப் பெண் குழந்தை ஒன்று, மூன்று வயது. ஒன்றுக்கு வந்தால் சொல்லத் தெரியாமல் கதவோரம் நின்று கவுனைக் கசக்கிக்கொண்டே இருக்கும், நனைந்த பிறகுதான் டீச்சருக்குத் தெரியும். டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, பிள்ளைகளை எடை போடுவது, செல்போனில் பதிவு ஏற்றுவது, சத்துமாவு கொடுப்பது என்று அவருக்கே மூச்சு விட நேரமில்லை. அப்புறம் உருது பேசும் அம்மா ஒருவர் ஆயாவாக வந்தார். இப்போது அந்தக் குழந்தை முட்டையை முழுசாகச் சாப்பிடுகிறது, தமிழ்ப் பாட்டையும் கைதட்டிப் பாடுகிறது. தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் அந்த அம்மாவை உருதில் ‘காலா’ (அம்மாவின் சகோதரி) என்றுதான் கூப்பிடுகிறார்கள்!

இப்படிச் செய்தால் குழந்தைகள் தமிழ் கற்க மாட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். பயம் போன குழந்தைதான் புது மொழிக்கு வாய் திறக்கும், நான் கண்ணால் பார்த்தது அது. சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி வேண்டும் என்று 1956லேயே அரசியல் சட்டத்தில் 350ஏ பிரிவைச் சேர்த்தார்கள். தொடக்கப் பள்ளிக்கே அது வேண்டுமென்றால், அதற்கும் முன்னால் வருகிற இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைக்கு வேண்டாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலித் பெண் சமைத்தால் பிள்ளையை அனுப்ப மாட்டோம் என்று எந்த ஊரில் யார் சொன்னாலும், அதற்குப் பயந்து அதிகாரிகள் ஆளை மாற்றக் கூடாது. அந்தப் பெண் கையால் சாப்பிட்டு வளரும் பிள்ளைகளாவது இந்தப் பழக்கத்தை விடட்டும்.

ஒவ்வொரு மையத்திலும் பிள்ளைகளின் வீட்டு மொழியைக் கணக்கெடுத்து, டீச்சர், ஆயா இருவரில் ஒருவருக்காவது அது தெரியும்படி ஆள் எடுக்க வேண்டும். ஆயா வேலைக்கே பத்தாவது தேறியிருக்க வேண்டும் என்பதால் மலைக் கிராமப் பெண்களும் இருளர் பெண்களும் விண்ணப்பம்கூடப் போட முடியாமல் போகிறது. அவர்களை முதலில் வேலையில் சேர்த்துக்கொண்டு, தனித்தேர்வு எழுத இரண்டு, மூன்று வருடம் அவகாசம் கொடுக்கலாம். அடுத்த நியமன அறிவிப்பிலேயே மாவட்ட நிர்வாகம் இதைச் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
பேரணாம்பட்டு வாசகி ஒருவர்